மினிவேன் முன் பிரேக் பேட் வீட்லயே மாத்தலாமா? உள்பக்க பேட் மட்டும் தேஞ்சிருக்கு

ஏழுசீட்டு:

வணக்கம் மக்களே. வண்டி ஏழு பேர் உக்கார்ற மினிவேன், முன்வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக். கொஞ்ச நாளா மெதுவா ஓட்டும்போது முன்னாடி பாசஞ்சர் பக்கத்துலேர்ந்து கீச்ச்னு மெல்லிசா ஒரு சத்தம். கண்ணாடிய ஏத்தி விட்டா கேக்காது, காம்பவுண்டு சுவரோரமா போனா நல்லா கேக்கும், பிரேக்க லேசா மிதிச்சா நின்னுடுது, காலை எடுத்தா திரும்ப ஆரம்பிச்சுடுது.

வீல் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பார்த்தா வெளிப்பக்க பேட் நல்லாதான் தெரியுது, 6 மி.மீ. இருக்கும். வீலை கழட்டி பின்னாடி சின்ன கண்ணாடி வச்சு பார்த்ததுல உள்பக்க பேட் 2 மி.மீ. கூட இல்ல, பேட் தேஞ்சா சத்தம் போடற அந்த எச்சரிக்கை தகடு டிஸ்க்க உரசிக்கிட்டு இருக்கு. அதுவும் சீரா தேயல, ஒரு முனை தடிமனா இன்னொரு முனை மெல்லிசா ஆப்பு வடிவத்துல இருக்கு.

பேட் மட்டும் போட்டா போதுமா இல்ல டிஸ்க்கும் மாத்தணுமா? டிரைவர் பக்கம் ரெண்டு பேட்டும் 5 மி.மீ.க்கு மேல இருக்கு, அதையும் எதுக்கு மாத்தணும்? பிரேக் ஆயில் லைனை எங்கயாவது திறக்க வேண்டி வருமா, காத்து புகுந்துட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்கு பயமே. சாக்கெட் செட் இருக்கு, டிராலி ஜாக்கி இருக்கு, டார்க் ரெஞ்ச் கிடையாது. ஆயில், ஃபில்டர், பேட்டரி, பிளக் எல்லாம் நானே மாத்தறவன்தான், பிரேக்ல இதுவரை கை வச்சதில்ல. வீட்ல "போயும் போயும் பிரேக்லயா விளையாடணும்"னு கேக்கறாங்க, அவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்கு.

பழைய ஸ்பேனர்:

தாராளமா பண்ணலாம் நண்பா, பேட் மாத்தறது கஷ்டமான வேலையே இல்ல. ஆனா உங்களுக்கு அது ரெண்டாவது வேலை. உள்பேட் மட்டும் ஏன் இப்படி தேஞ்சுதுன்னு பாக்கறதுதான் முதல் வேலை, அதை பாக்காம புதுசை மாட்டினீங்கன்னா அதையும் இதே மாதிரி தின்னுட்டு நிக்கும்.

உங்க வண்டியில இருக்கறது நகர்ற டைப் காலிப்பரா (பேட்டை டிஸ்க் மேல அமுக்கற கவ்வி) இருக்கணும், மினிவேன்ல பெரும்பாலும் அதுதான். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். மிதிச்சா பிஸ்டன் உள்பேட்டை டிஸ்க் மேல தள்ளும், அப்போ காலிப்பர் மொத்தமும் ரெண்டு கைடு பின் மேல வழுக்கி இந்தப்பக்கம் நகர்ந்து வெளிப்பேட்டையும் இழுத்து அழுத்தும். அந்த பின் இறுகிப்போச்சுன்னா காலிப்பர் நகராது, உள்பேட் மட்டும் மாடா உழைக்கும். ரெண்டு பின்ல ஒண்ணு மட்டும் இறுகியிருந்தா காலிப்பர் கோணிக்கிட்டு அழுத்தும், பேட் ஆப்பு மாதிரி தேயும். நீங்க சொல்றது அப்படியே இதுதான். இது இல்லேன்னா பேட்டோட காது, அதாவது ரெண்டு முனையிலயும் நீட்டிக்கிட்டிருக்கற பகுதி, உக்கார்ற இடத்துல துரு ஏறி பேட் மாட்டிக்கிட்டிருக்கும். ரெண்டுமே இல்லேன்னா பிஸ்டன் திரும்பி போகாம நிக்குதுன்னு அர்த்தம், அது வேற கதை, அப்போ பேசிக்கலாம்.

பேட் எப்பவுமே ஜோடியாதான், ரெண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும். டிரைவர் பக்கம் 5 மி.மீ. இருக்கேன்னு பாவம் பாக்காதீங்க, புது பேட்டே 10லேர்ந்து 12 மி.மீ.தான் இருக்கும், 3 மி.மீ. வந்தா மாத்தணும்.

வேலைய இப்படி பண்ணுங்க. வண்டி தரையில இருக்கும்போதே வீல் நட்டுகளை அரை சுத்து தளர்த்திடுங்க, தூக்கினப்புறம் வீல் கூடவே சுத்தும். ஒரு பக்கத்தை முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க, ரெண்டையும் ஒண்ணா பிரிச்சு போட்டா எந்த கிளிப் எங்க இருந்துச்சுன்னு பாக்க ஆள் இருக்காது, அதைவிட முக்கியம் இந்தப்பக்க பிஸ்டனை தள்ளும்போது அந்தப்பக்க பிஸ்டன் வெளிய துள்ளி வந்துடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பி வச்சா காலிப்பர் பின்பக்க போல்ட்டு கைக்கு வரும். ரெண்டு போல்ட்டு இருக்கும், 14 இல்லேன்னா 17 சைஸ் பெரும்பாலும். போல்ட்டை திருப்பும்போது பின்னும் சேர்ந்து சுத்தும், அதனால பின்னோட தலையை ஒல்லி ஓப்பன் ஸ்பேனரால புடிச்சுக்கிட்டு திருப்புங்க. காலிப்பரை எடுத்ததும் ஹோஸ்லயே தொங்க விட்டுடாதீங்க, கம்பியோ கயிறோ போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டி வைங்க. ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய தெரியவே தெரியாது.

பழைய பேட்டை எடுக்கறதுக்கு முன்னாடி நாலஞ்சு ஃபோட்டோ. அந்த கீச்சு தகடு இருக்கற பேட் உள்பக்கமா வெளிப்பக்கமா, தகடு மேல பாத்திருக்கா கீழ பாத்திருக்கா, எல்லாம் புடிச்சு வச்சுக்கங்க.

அடுத்துதான் எல்லாரும் ஓட்டமா ஓடற இடம். பிராக்கெட்ல (காலிப்பரையும் பேட்டையும் தாங்கற சட்டம்) பேட் காது உக்கார்ற இடத்துல மெல்லிசா எவர்சில்வர் கிளிப் இருக்கும், அதை கழட்டினா அடியில துரு பொரிஞ்சு போய் பாளம் பாளமா நிக்கும். கம்பி பிரஷ்ஷும் சின்ன ஃபைலும் வச்சு வெறும் இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுங்க. துருவை விட்டுட்டு மேல புது கிளிப்பை போட்டா கிளிப் எகிறி நிக்கும், பேட்டை சுத்தியால தட்டி இறக்கற நிலைமை வரும், அப்படி தட்டி இறக்கின பேட் பின்னாடி வரவே வராது. விரலால தள்ளினா போகணும், இழுத்தா வரணும், அதுதான் அளவு. புது பேட்டோட காதுல பெயிண்ட் கட்டியா இருந்தா லேசா ராவிக்கங்க.

பிஸ்டனை உள்ள தள்ள பழைய பேட் ஒண்ணை அது மேல வச்சு சி கிளாம்ப் போட்டு மெதுவா இறுக்குங்க. முன்பக்க பிஸ்டன் நேரா உள்ள போகும். ஸ்க்ரூடிரைவர் வச்சு டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவுல நெம்பாதீங்க. அதுக்கு முன்னாடி பானெட்டை திறந்து ஆயில் டப்பா மூடியை தளர்த்தி சுத்தி துணி போட்டு வைங்க, பிஸ்டன் உள்ள போகப்போக அங்க மட்டம் ஏறும், யாராவது இடையில டாப் அப் பண்ணியிருந்தா வழிஞ்சிடும். பிரேக் ஆயில் பெயிண்ட் மேல பட்டா பெயிண்ட் உரிஞ்சு வரும், பட்ட உடனே தண்ணி ஊத்தி கழுவிடுங்க.

லைனை எங்கயும் திறக்க வேண்டாம், காத்து பயம் வேண்டாம்.

மெதுவா போ:

மேல அண்ணன் வேலைய சொல்லிட்டார், நான் வண்டி மேல விழாம இருக்கறதை சொல்றேன். முன்வீல் டிரைவ் வண்டியில பி கியர் புடிக்கறது முன் வீலை மட்டும்தான். முன்னாடி ஒரு வீலை தூக்கினீங்கன்னா அது சும்மா சுத்தும், டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலையும் இணைக்கற கியர்) வழியா தரையில இருக்கற இன்னொரு வீலும் உருளலாம், ஆக பி-ல போட்டா வண்டி நிக்கும்னு நம்பக்கூடாது. ஹேண்ட் பிரேக் பின் வீலை புடிக்கும், அதை நல்லா இழுத்துடுங்க, ரெண்டு பின் வீலுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க. சமதளமான கான்கிரீட் தரை வேணும், மண்தரைன்னா ஸ்டாண்டு கால் அமுங்கிடும்.

ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்டு. மேனுவல்ல போட்டிருக்கற தூக்கு இடத்துல வச்சு ஸ்டாண்டு மேல இறக்கி, வண்டிய கையால நல்லா ஆட்டிப் பாத்துட்டு வேலை ஆரம்பிங்க. கழட்டின வீலை படுக்க வச்சு பாடிக்கு அடியில தள்ளி விட்டுடுங்க, என்ன ஆனாலும் வண்டி முழுசா இறங்காது. டிக்கில இருக்கற கத்தரி ஜாக்கிய நம்பி பிரேக் வேலை பண்ணாதீங்க, அது நடுவழியில பஞ்சர்னா ஸ்டெப்னி மாத்தறதுக்கு.

பழைய பேட் தூளை காத்து அடிச்சோ வாயால ஊதியோ பறக்க விடாதீங்க. எந்த பேட்ல என்ன கலந்திருக்குன்னு பாத்தா தெரியாது. பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாக்கி துடைங்க, மாஸ்க் போட்டுக்கங்க.

கிரீஸ்கை:

லைனை திறக்க வேண்டாம்னு பழைய ஸ்பேனர் சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன். காலிப்பர்தான் லைனோட கடைசி, சூடும் அங்கதான் அதிகம், கெட்டுப்போன ஆயில் அங்கதான் நிக்குது. பிஸ்டனை தள்ளும்போது அந்த கருப்பு தண்ணியை அப்படியே திருப்பி ஏபிஎஸ் (வீல் பூட்டிக்காம பாத்துக்கற சிஸ்டம்) யூனிட்டுக்குள்ள அனுப்பறீங்க, அங்க இருக்கற வால்வு ஓட்டையெல்லாம் ஊசிமுனை சைஸ். ஹோஸை ரப்பர் கிளாம்ப்பால லேசா புடிச்சுக்கிட்டு ப்ளீட் ஸ்க்ரூவை (காலிப்பர்ல ஆயிலையும் காத்தையும் வெளிய விடற சின்ன திருகு) திறந்து ஒரு டியூப் மாட்டி பிஸ்டனை தள்ளினா அழுக்கு வெளிய போயிடும். நான் எப்பவும் அப்படித்தான் பண்றது.

டப்பாவுல ஆயில் என்ன கலர்ல இருக்குன்னு பாத்து சொல்லுங்க ஏழுசீட்டு. தேன் கலர்ல தெளிவா இருந்தா விடலாம், டிகாஷன் கலர்ல இருந்தா என்னைக்கோ மாத்தியிருக்கணும்.

பழைய ஸ்பேனர்:

கிரீஸ்கை, நீங்க பண்ணலாம், உங்க கை பழகின கை. முதல் தடவை பிரேக்ல கை வைக்கறவர்கிட்ட ப்ளீட் ஸ்க்ரூவை திற, ஹோஸை நசுக்குன்னு சொன்னா எத்தனை விதமா தப்பலாம்னு யோசிங்க. துருப்புடிச்ச ப்ளீட் ஸ்க்ரூ பாதியில முறிஞ்சா காலிப்பரே போச்சு. மூடறதுக்கு முன்னாடி கிளாம்ப்பை விட்டா காத்து உள்ள போகும். பழைய ஹோஸை நசுக்கினா உள்சுவர் விட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு. ஆயிலை ஒழுங்கா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தற வண்டியில இந்த அழுக்கு பிரச்சனையே வராது. ஆயில் பழசா இருந்தா முதல்ல டப்பாவுல இருக்கறதை சிரிஞ்சால உறிஞ்சிட்டு புதுசு ஊத்துங்க, பேட் வேலைய முடிங்க, அப்புறமா தனியா ஒரு நாள் நாலு வீலும் ப்ளீட் பண்ணுங்க. ரெண்டு வேலையையும் ஒண்ணா குழப்பிக்க வேணாம்.

ஆயில் பழசாச்சுன்னா என்னன்னும் சொல்லிடறேன், ஏன்னா உங்களோடது ஏழு பேர் ஏர்ற வண்டி. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர வகை. டாட் 3 புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி, ஈரம் ஏறினா 140க்கு இறங்கிடலாம். டாட் 4 புதுசு 230, ஈரமானா 155. ஆள் நிறைய ஏத்திக்கிட்டு மலைப்பாதையில இறங்கும்போது இந்த வித்தியாசம் பெடல்ல தெரியும், ஆயில் கொதிச்சு ஆவி புகுந்தா பெடல் பஞ்சா அமுங்கும். மூடியில எந்த டாட் போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. டாட் 5ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான், அதை இதோட கலக்கவே கூடாது. 5.1 வேற 5 வேற, குழம்பிக்காதீங்க.

ஏழுசீட்டு:

எல்லாருக்கும் நன்றி. ஆயில் டிகாஷன் கலர்தான் கிரீஸ்கை, சந்தேகமே இல்ல. டப்பாவுல உறிஞ்சி புதுசு ஊத்திட்டேன், மூடியில டாட் 3ன்னு போட்டிருந்துச்சு.

இன்னைக்கு பாசஞ்சர் பக்கம் பிரிச்சாச்சு. மேல் பின் கையால இழுத்தாலே வருது, கிரீஸ் கொஞ்சம் காய்ஞ்சிருக்கு அவ்ளோதான். கீழ் பின் அசையவே இல்ல. ஸ்பேனர் போட்டு திருப்பினா கால் சுத்து போகுது, ரப்பர் மாதிரி திரும்ப வந்து நிக்குது. பின்னை தூசி புகாம மூடற ரப்பர் பூட் கிழியல. வேலை அப்படியே நிக்குது, வண்டி ஸ்டாண்டு மேல இருக்கு. அடிச்சு எடுக்கலாமா, சூடு பண்ணலாமா?

பழைய ஸ்பேனர்:

சூடு பண்ணாதீங்க, பூட் உருகிடும். அடிக்கவும் வேணாம். "ரப்பர் மாதிரி திரும்ப வருது"ன்னு சொன்னீங்க பாருங்க, அது ரப்பரேதான். ரெண்டு பின்ல ஒண்ணோட முனையில சின்ன ரப்பர் உறை போட்டிருப்பாங்க, சத்தம் வராம இருக்க. யாரோ முன்னாடி வேலை பாத்தவங்க அதுல சாதாரண வீல் பேரிங் கிரீஸை தடவியிருப்பாங்க, பெட்ரோலிய கிரீஸ் பட்டா அந்த ரப்பர் ஊதிப் பெருத்து ஓட்டைக்குள்ள கவ்விக்கும். துருன்னா இப்படி திரும்பி வராது, கரகரன்னு அரைக்கும்.

பூட்டை பின்னோட கழுத்துலேர்ந்து மெதுவா பின்னாடி ஒதுக்கிட்டு ஓட்டைக்குள்ள கொஞ்சம் பிரேக் கிளீனர் விடுங்க, பத்து நிமிஷம் விட்டுடுங்க. அப்புறம் ஸ்பேனரால இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டே வெளிய இழுங்க. திருப்பறது, இழுக்கறது ரெண்டும் சேர்ந்து நடக்கணும். அவசரப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா வரும். வரலேன்னா பிராக்கெட்டோட கழட்டி வைஸ்ல புடிச்சு இதையே பண்ணலாம்.

வந்ததும் அந்த ரப்பரை தூக்கி போட்டுடுங்க. பின், பூட், உறை எல்லாம் சேர்ந்து கிட்டா வரும், அதையே வாங்கி போட்டுடுங்க. ஓட்டையை பாட்டில் கழுவற மாதிரி ஒல்லி நைலான் பிரஷ் வச்சு கிளீனர் அடிச்சு துடைச்சு நல்லா காய விடுங்க. கிரீஸ் சிலிகான் அடிப்படையில இருக்கற பிரேக் கிரீஸ் மட்டும், டப்பா மேலயே கைடு பின்னுக்குன்னு போட்டிருக்கும். அதுவும் மெல்லிசா ஒரு பூச்சுதான், ஓட்டைய ரொப்பினீங்கன்னா காத்து அடைபட்டு பின்னை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். பின்னை முழுசா தள்ளிட்டு பூட் உதட்டை விரலால கொஞ்சம் தூக்கி உள்ள இருக்கற காத்தை வெளிய விடுங்க.

எது மேல எது கீழன்னு மாத்தி போட்டுடாதீங்க. ரப்பர் உறை பின் எந்த ஓட்டையில இருந்துச்சோ அங்கயே போகணும். டிரைவர் பக்கத்தை பிரிச்சுப் பாத்து ஒத்துக்கங்க, முன்னாடி யாராவது மாத்தி போட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

மைக்ரோமீட்டர்:

டிஸ்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. டிஸ்க்கோட நடு தொப்பியிலயோ ஓரத்துலயோ குறைஞ்சபட்ச தடிமன் பொறிச்சிருக்கும், துருவை துடைச்சா தெரியும். இந்த சைஸ் வண்டியில புதுசு 28 மி.மீ.ன்னா 26 மாதிரி ஒரு எண் இருக்கும், உங்க டிஸ்க்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. அதுக்கு கீழ போயிருந்தா யோசிக்கவே வேணாம், மாத்துங்க, ரெண்டு பக்கமும்.

அளக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. டிஸ்க் ஓரத்துல தேயாத விளிம்பு நிக்கும், வெர்னியர் வச்சா அந்த விளிம்பைத்தான் அளக்கும், உள்ள தேஞ்ச இடத்தை அளக்காது. மைக்ரோமீட்டர் இல்லேன்னா ஒரே மாதிரி ரெண்டு நாணயத்தை டிஸ்க்கோட ரெண்டு பக்கமும் வச்சு அது மேல வெர்னியர் போட்டு அளந்துட்டு நாணயத்தோட தடிமனை கழிச்சுக்கங்க. சுத்தி நாலஞ்சு இடத்துல அளங்க. நகத்தால தடவிப் பாருங்க, கோடு இருக்கும், அது பரவாயில்ல, நகம் மாட்டிக்கற அளவு பள்ளம் இருந்தா டிஸ்க்கும் மாத்தறதுதான் நல்லது. தகடு உரசின இடம்னு சொல்றீங்க, அதை கண்டிப்பா பாருங்க.

பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குதா? அதை நீங்க சொல்லல. நடுங்கினா ஆளாளுக்கு டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னுவாங்க. பெரும்பாலும் வளையறதில்ல, ஒரு இடம் தடிமனா ஒரு இடம் மெல்லிசா தேஞ்சிருக்கும், இல்ல பேட் பொருள் திட்டுத்திட்டா ஒட்டியிருக்கும். அதுக்கு பல நேரம் மூலமே ஹப்புக்கும் (டிஸ்க்கும் வீலும் மாட்டற நடுப்பகுதி) டிஸ்க்குக்கும் நடுவுல இருக்கற துருதான். 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலே நாளடைவுல சீரில்லாம தேயும். டிஸ்க் மாத்தினா ஹப் முகத்தை வழவழன்னு ஆகற வரைக்கும் தேச்சுட்டு மாட்டுங்க, புது டிஸ்க் மேல துருப்புடிக்காம இருக்க எண்ணெய் பூசியிருக்கும், அதையும் சுத்தமா துடைச்சுட்டு.

டிஸ்க் வரணும்னா பிராக்கெட்டை கழட்டணும், அந்த போல்ட்டு நல்ல இறுக்கமா இருக்கும், 100 நியூட்டன் மீட்டரும் அதுக்கு மேலயும் போகும். காலிப்பர் பின் போல்ட்டு அப்படி இல்ல, பல வண்டியில 25லேர்ந்து 40க்குள்ளதான். ரெண்டுக்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கறதால டார்க் ரெஞ்ச் இல்லாம பண்ணாதீங்கன்னு சொல்லுவேன். பின் போல்ட்டை கை பலத்துல முறுக்கி மரை போன காலிப்பர் நிறைய பாத்திருக்கேன். யார்கிட்டயாவது ஒரு நாளைக்கு வாங்கிக்கங்க, சரியான எண்ணை உங்க வண்டி மேனுவல்ல பாத்துக்கங்க.

ஹைபிரிட்வாசி:

ஏழுசீட்டு வண்டி சாதா வண்டின்னு நெனக்கறேன், ஆனா இதை படிச்சுட்டு ஹைபிரிட் மினிவேன்ல யாராவது இறங்கினா அவங்களுக்காக. சில ஹைபிரிட்ல பிரேக் அழுத்தத்தை எலக்ட்ரானிக் பம்ப் உண்டாக்குது, டிரைவர் கதவை திறந்தாலே அந்த பம்ப் ஓட ஆரம்பிக்கும். காலிப்பர் கழட்டி கிடக்கும்போது பிள்ளைங்க யாராவது கதவை திறந்து ஏறினா பிஸ்டன் வெளிய வரும், விரல் நடுவுல இருந்தா அவ்ளோதான். மேனுவல்ல இந்த சிஸ்டத்தை எப்படி தூங்க வைக்கறதுன்னு போட்டிருக்கும், அதை பண்ணிட்டு தொடுங்க, அதுவரைக்கும் சாவிய வண்டிகிட்டயே கொண்டு வராதீங்க.

எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இருக்கற வண்டியிலயும் முன்பக்கம் இதே வேலைதான், பின்பக்கம்தான் சர்வீஸ் மோடு போடணும், அங்க பிஸ்டனை கிளாம்ப் போட்டு தள்ளினா மோட்டார் கியர் உடையும்.

ஏழுசீட்டு:

பின் வந்துருச்சு!! பழைய ஸ்பேனர் சொன்ன மாதிரியே முனையில ரப்பர் உறை, ஊதி போய் பின்னை விட தடிமனா நிக்குது, தொட்டா பிசுபிசுன்னு கையில ஒட்டுது. திருப்பி இழுத்து திருப்பி இழுத்து வந்துச்சு. டிரைவர் பக்கம் பிரிச்சுப் பாத்தேன், அங்கயும் கீழ் ஓட்டையிலதான் உறை பின், அங்க இன்னும் நகருது ஆனா உறை அதே மாதிரி பிசுபிசுப்பு. ரெண்டு பக்கத்துக்கும் கிட் வாங்கி போட்டாச்சு.

டிஸ்க்ல 26 பொறிச்சிருக்கு. நாணயம் வச்சு அளந்ததுல டிரைவர் பக்கம் 27க்கு கிட்ட, பாசஞ்சர் பக்கம் 26.4, ஆனா தகடு உரசின பக்கத்துல நகம் மாட்டுது. அதனால ரெண்டு டிஸ்க்கும் மாத்திட்டேன். பழைய டிஸ்க் ஹப்போட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு, தொப்பியில ரெண்டு மரை ஓட்டை இருந்துச்சு, அதுல 8 மி.மீ. போல்ட்டு ரெண்டை மாறி மாறி இறுக்கினா டக்குனு வெளிய வந்துச்சு, சுத்தி எடுக்கவே இல்ல. ஸ்டியரிங் நடுக்கம் முன்னாடி இல்ல மைக்ரோமீட்டர். டார்க் ரெஞ்ச் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு.

இப்போ எல்லாம் மாட்டியாச்சு, வீலும் போட்டாச்சு. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. அடுத்து?

பழைய ஸ்பேனர்:

நல்ல வேளை கேட்டீங்க. கியர் போடறதுக்கு முன்னாடி பெடலை மிதிங்க. முதல் மிதியில பெடல் எதிர்ப்பே இல்லாம கீழ போகும், பதறாதீங்க, பிஸ்டனை உள்ள தள்ளி வச்சிருக்கோம், அது திரும்ப பேட்டை தொடற வரைக்கும் பெடல்ல ஒண்ணும் இருக்காது. முழுசா தரைக்கு குத்தாம மெதுவா பல தடவை மிதிச்சு பெடல் கல்லு மாதிரி நிக்கணும். அப்புறம் ஆயில் மட்டம் பாத்து மேக்ஸ் கோட்டுக்குள்ள வச்சு மூடிய மூடுங்க. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணா பெடல் கொஞ்சம் இறங்கும், அது மிதிக்கு பலம் குடுக்கற பூஸ்டர், சரிதான். இறங்கிக்கிட்டே போனாதான் தப்பு. இதை பண்ணாம ரிவர்ஸ் எடுத்து சுவத்துல போய் நின்னவங்க உண்டு.

அப்புறம் புது பேட்டும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பழக, ஆளில்லாத ரோட்ல 50, 60 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து மிதமா மிதிச்சு 10க்கு கொண்டு வாங்க, முழுசா நிறுத்தாதீங்க. கொஞ்சம் தூரம் ஓட விட்டு ஆற விட்டு திரும்ப. எட்டு பத்து தடவை போதும். சூடா இருக்கும்போது பெடலை அமுக்கி புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, பேட் அச்சு டிஸ்க்ல ஒட்டிக்கும். லேசா தீஞ்ச வாசனை வரும், பயப்பட வேணாம்.

ஏழுசீட்டு:

ஓட்டிட்டு வந்தேன். பெடல் முன்னாடியை விட மேலயே நிக்குது. வாசனை வந்துச்சு, ரெண்டாவது ரவுண்டுல போயிடுச்சு, கீச்சும் இல்ல. இப்போ பாசஞ்சர் பக்க வீல்கிட்ட கை கொண்டு போனா டிரைவர் பக்கத்தை விட கொஞ்சம் சூடு ஜாஸ்தியோன்னு தோணுது. மனசுதான் அப்படி நெனக்குதா?

கிரீஸ்கை:

மனசை கேக்காதீங்க, அளந்துடுங்க. தூரத்துலேர்ந்து சூடு பாக்கற துப்பாக்கி தெர்மாமீட்டர் இருந்தா பிரேக்க அதிகம் மிதிக்காம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து ரெண்டு டிஸ்க்கும் பாருங்க, அஞ்சு பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் பல மடங்கு எகிறியிருந்தா இன்னும் ஏதோ புடிக்குது. அப்படி இருந்தா வீலை தூக்கி, பெடலை மிதிச்சு விட்டுட்டு கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தா ப்ளீட் ஸ்க்ரூவை லேசா திறங்க, திறந்ததும் வீல் லூஸாயிடுச்சுன்னா ஹோஸ் உள்ள அடைச்சிருக்கு, ஆயில் போகுது ஆனா திரும்பி வரல. திறந்தும் இறுக்கமாவே இருந்தா பிஸ்டன் இல்லேன்னா பின். இதுக்கு ஸ்க்ரூ திறக்கறதை பழைய ஸ்பேனரும் தடுக்கமாட்டார்னு நெனக்கறேன்.

பழைய ஸ்பேனர்:

தடுக்கமாட்டேன் சாமி.

ஏழுசீட்டு:

தெர்மாமீட்டர் கிடைச்சுது. பாசஞ்சர் 71, டிரைவர் 66. தூக்கி சுத்தியும் பாத்துட்டேன், ரெண்டும் ஒரே மாதிரி லேசா உரசிக்கிட்டு சுத்துது. அப்போ ஹோஸ் ஓகே போல. வீட்லயும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அது பாராட்டுன்னு எடுத்துக்கறேன்.

வர்ற வாரம் ஆயில் மாத்தலாம்னு இருக்கேன். ப்ளீட் ஸ்க்ரூ நாலுக்கும் இப்பவே துரு எண்ணெய் விட்டு வச்சுட்டேன். அதுக்கு ஓப்பன் ஸ்பேனர் போதுமா?

மெதுவா போ:

50, 100 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை ஒரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டு பாத்துடுங்க, டிஸ்க் புதுசுங்கறதால கொஞ்சம் உக்காரும். குறுக்கு குறுக்கா, வட்டமா இல்ல. ரெஞ்சை திருப்பி குடுக்கறதுக்கு முன்னாடி.

கிரீஸ்கை:

ஓப்பன் ஸ்பேனர் போட்டா மூலை மழுங்கிடும், அப்புறம் அழுதுக்கிட்டுதான் நிக்கணும். ஆறு மூலை ரிங் ஸ்பேனரை முதல்ல மாட்டிட்டு அதுக்கு மேல டியூப்பை சொருகுங்க. முதல்ல இறுக்கற பக்கமா ஒரு துளி, அப்புறம் தளர்த்தற பக்கம். டாட் 3ல ஒரு லிட்டர் எடுத்து வைங்க, சீல் உடைக்காத டப்பாவா பாத்து வாங்குங்க.